உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள்



சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன், பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் படித்து முன்னேறிய ஊர். 1932இல் இந்த வட்டாரத்து ரயில்வேத் தொழிலாளர்கள் முனீஸ்வரனுக்குச் சிறு கோயில் எழுப்பினார்கள். காமன்வெல்த் டிரைவில் இன்று நாம் வணங்கும் கோயில் அதன் தொடர்ச்சிதான். அவர்கள் காலத்துக்குப் பின் இங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் எழுந்தன. 1970இல் மார்கரெட் டிரைவில் கிளை நூலகம் திறந்தது. பிள்ளைகளின் உழைப்புக்கு வீடும் பள்ளியும் நூலகமும் கைகொடுத்தன.

அப்படி உழைத்து முன்னேறிய எஸ்.ஆர். நாதனை நினைத்துப் பாருங்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவர். விடாமல் படித்து, 1954இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் பட்டயம் பெற்றார். மருத்துவமனைச் சமூகப் பணியாளராகத் தொடங்கி, 1999இல் நாட்டின் அதிபரானார். ஆனால் எல்லாப் பிள்ளைகளிடமும் நாதனின் மனவுறுதியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. இந்திய மாணவர்கள் படிப்பில் பின்தங்கியதைக் கண்டு சமூகமே கைகோத்ததால்தான் 1991இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா பிறந்தது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 25 வயதைத் தாண்டிய சிங்கப்பூர்வாழ் இந்தியரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் பட்டதாரிகள். பெருமைப்படலாம். ஆனால் பட்டத்தோடு இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். வாடகை வீட்டில் தங்கையைப் பார்த்துக்கொண்டே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை அந்தச் சராசரியில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்தப் பிள்ளை நல்ல மதிப்பெண் வாங்கினாலும் போதாது. எந்த நிறுவனத்தில் வேலைப்பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், எவ்வளவு சம்பளம் கேட்கலாம்? வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே பதில் கிடைக்கிறது. ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைக்குக் கேட்க ஆளில்லை. ஒரே பட்டம் பெற்ற இருவர் வெவ்வேறு வேலையில் போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டம் பெறும் இளையர்களே, இந்தக் குறையை உங்களால் தீர்க்க முடியும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உங்கள் பழைய பள்ளிக்குப் போங்கள். துணைப்பாட வகுப்பில் ஒரு மாலை கற்றுக்கொடுங்கள். ஒரு தம்பியின் விண்ணப்பத்தைத் திருத்திக்கொடுங்கள். ஒரு தங்கையை நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். உங்கள் அலுவலகத்தில் வேலைப்பயிற்சிக்கு இடம் வந்தால், அந்தச் செய்தி முதலில் அவர்களுக்குப் போகட்டும்.

உங்களில் பலரின் பெற்றோருக்கு வழிகாட்ட யாரும் இருக்கவில்லை. ஆனாலும் உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். வாழ்த்துகள்!