சோறு குறைந்த தட்டு: பெர்கனிலும் மரக்காணத்திலும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்போர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் இரண்டு விஷயங்களைப் பேசச் சொன்னார். ஒன்று, கீட்டோ உணவை அன்றாடம் எப்படிச் சமாளிப்பது. மற்றொன்று, நார்வேயின் பெர்கன் நகரில் 9 ஆண்டுகள் இருந்தபோது நான் என்னதான் சாப்பிட்டேன் என்பது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். கடைசியில், போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிய கருவாட்டு விவகாரத்துக்கும் வருவேன். அது இன்றைய தீர்மானப் பட்டியலில் இருக்கிறது.

கீட்டோ என்பது நேற்று வந்த நாகரிகம் இல்லை. 1921-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்காக வகுத்த உணவு முறை அது. மாவுச்சத்தை மிகவும் குறைத்துவிட்டால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும், மூளை அதைக் கொண்டு இயங்கும் என்பதுதான் அடிப்படை. இன்று எடைக்காகவும் சர்க்கரைக்காகவும் இதைச் செய்பவர்கள் ஒரு நாளைக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு கப் சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் வந்துவிடும். அதனால்தான் நம் ஊர்க்காரர்களுக்கு இது கடினமாக இருக்கிறது.

தமிழில் இந்தப் பேச்சு வீடு வீடாகப் போனதற்குக் காரணம் வெளிநாட்டில் வாழும் ஒரு தமிழர். அமெரிக்காவில் இருக்கும் நியாண்டர் செல்வன் ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ என்ற முகநூல் குழு வழியாகவும், ‘பேலியோ டயட்’ என்ற புத்தகம் வழியாகவும் பரப்பியது கீட்டோவுக்கு நெருங்கிய உறவுதான். 100 கிராம் பாதாம், வெண்ணெய் போட்ட டீ, காலிஃபிளவர் ‘சோறு’ எல்லாம் நம் வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான். வெண்ணெய் டீயைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. திபெத்தில் அது அன்றாடப் பானம்.

பெர்கனில் எனக்குச் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது என்று தெரிந்தபின், மருத்துவர் மேற்பார்வையில் சோற்றையும் ரொட்டியையும் குறைத்தேன். அங்கே புளி, முருங்கைக்காய் கிடைக்க ஈழத்தமிழர் கடைகள் இருந்தன. ஈழத்தமிழர்கள் பலர் 1980-களிலேயே நார்வேயின் வடகோடி ஃபின்மார்க் பகுதி மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனால் தினமும் அந்தக் கடைக்குப் போக முடியாது. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். டப்பாவில் அடைத்த கானாங்கெளுத்தி, முட்டை, வெண்ணெய், முட்டைகோஸ், பாலாடைக்கட்டி. அதுதான் என் வாரநாள் சாப்பாடு.

விசேஷ நாட்களில்தான் ‘வினோத’ உணவு. கிறிஸ்துமஸுக்கு முன் மேற்கு நார்வேயில் ஸ்மாலஹோவே சமைப்பார்கள். அது ஆட்டுத் தலை. மயிரைப் பொசுக்கி, உப்பிட்டு, உலர்த்தி, மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். உடன் வேலை செய்த வெளிநாட்டு இளைஞர்கள் எழுந்தே போய்விட்டார்கள். எனக்கு அது நம்மூர்த் தலைக்கறி, மிளகு மட்டும் இல்லை. அடுத்தது லூட்டஃபிஸ்க். உலர்ந்த மீனைக் காரநீரில் ஊறவைத்து, பிறகு பல நாள் தண்ணீரில் அலசி வேகவைப்பது. கூழ்போல வழுக்கும். அது எனக்குப் பிடிபடவே இல்லை. ஆனால் அதற்கு மூலமான டோர்ஃபிஸ்க் வேறு விஷயம். லோஃபோட்டன் தீவுகளில் காட் மீனை உப்பே இடாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றில் காயவைக்கிறார்கள். அது கருவாடுதான். அங்கே குளிர் செய்யும் வேலையை இங்கே உப்பும் வெயிலும் செய்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் திரும்பியபின் நான் கவனித்தது இது. நம்மில் பலர் கீட்டோ என்றதும் ஆன்லைனில் அவகாடோ, பாதாம் மாவு, இளஞ்சிவப்பு ‘இமயமலை’ உப்பு என்று வாங்குகிறோம். அந்த உப்பு பாகிஸ்தானின் பஞ்சாபில் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டுவது. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் மரக்காணம் உப்பளம். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் இடம். மழை ஓய்ந்தபின் உவர்நீரைப் பாத்தியில் விட்டு, வெயிலில் சுண்டவிட்டு, வெண்மையாக வாரிக் குவிக்கிறார்கள்.

கீட்டோவில் உப்புக்கு ஏன் இவ்வளவு பேச்சு? மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் குறைகிறது. சிறுநீரகம் சோடியத்தையும் தண்ணீரையும் அதிகமாக வெளியேற்றுகிறது. முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். தலைவலி, சோர்வு, எழுந்தால் கிறுகிறுப்பு வருவதும் இதனால்தான். ஆரோக்கியமானவருக்கு உப்புப் போட்ட எலும்பு ரசமோ மோரோ போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குள். இன்னொன்று, வழியில் விற்கும் கல்லுப்பை ஆசைப்பட்டுச் சமையலுக்கு வாங்காதீர்கள். அது அயோடின் சேராததாக இருக்கலாம். உணவுக்கு அயோடின் உப்பையே விற்க வேண்டும் என்பது 2006 முதல் நாடு முழுக்க விதி. பாக்கெட்டில் அயோடின் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மீனுக்கும் வெளியே தேட வேண்டாம். எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், கூனிமேடு என்று வரிசையாக மீனவர் ஊர்கள். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் பாணனுக்கு, எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன் கிடைக்கும் என்று சொல்லப்படுகிறது. அந்த எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. அப்படியென்றால் இந்தக் கரையில் விருந்தாளிக்குக் கருவாடு கொடுப்பது ஈராயிரம் ஆண்டுப் பழக்கம்.

என் வீட்டு வாராந்திரத் தட்டு இதுதான். காலை, இரண்டு முட்டையோடு முருங்கைக்கீரைப் பொரியல். மதியம், மத்தியோ நெத்திலியோ, புளி குறைத்த குழம்பாக, கூடவே தேங்காய் போட்ட கோஸ் அல்லது புடலங்காய். இரவு, மோர், வெண்டைக்காய் வதக்கல், பனீர் அல்லது மீதமிருக்கும் மீன். வாரம் ஒருநாள் கருவாடு. வெந்நீரில் ஊறவைத்து நன்றாக அலசியபின் கத்தரிக்காயோடு சமைத்தால் தனியாக உப்பே போட வேண்டாம். சைவர்களுக்குப் பனீர், தயிர், தேங்காய், வேர்க்கடலை, கீரை. செலவு சாதாரண மளிகைக் கணக்குக்குள்ளேயே அடங்கும்.

எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உப்பளத்தில் வெயிலில் நின்று வாருபவருக்குச் சோறு வேண்டும், கூழ் வேண்டும். எட்டு மணி நேரம் நாற்காலியில் இருக்கும் நமக்கு அதே அளவு வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்சுலின், கிளிமெபிரைடு போன்றவற்றை எடுத்துக்கொண்டே திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு கீட்டோ இருந்தால், சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் அபாயம் உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனை. கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள் தாமாக ஆரம்பிக்கவே கூடாது. வாட்ஸ்அப் உணவுப் பட்டியலுக்கு உங்கள் மருந்துச் சீட்டு தெரியாது.

இனி கருவாட்டு விவகாரம். ‘குடியிருப்பில் கருவாடு சமைக்கக் கூடாது’ என்று விதி சேர்க்க ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. கேட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. மூன்றாம் மாடி வறுவல் ஐந்தாம் மாடிப் படுக்கையறைக்கு வந்தால் யாருக்கும் சங்கடம்தான்.

ஜெர்மனியில் ஒரு வழக்கு நடந்தது. ஸ்வீடன்காரர்களின் புளித்த மீன் டப்பா சூர்ஸ்ட்ரோமிங். 1981-ல் ஒரு வாடகைதாரர் அதன் நீரை அடுக்குமாடிப் படிக்கட்டில் கொட்டிவிட்டார். வீட்டுக்காரர் உடனே காலி செய்யச் சொன்னார். வழக்கில் வீட்டுக்காரர் தரப்பு நீதிமன்றத்திலேயே ஒரு டப்பாவைத் திறந்து காட்டியது. தீர்ப்பு வீட்டுக்காரர் பக்கம். எனக்கு இதில் பிடித்தது, தகராறு படிக்கட்டில் கொட்டியதைப் பற்றியது என்பதுதான். அவர் அதைத் தன் வீட்டு மேஜையில் தின்றதற்காக யாரும் வழக்குப் போடவில்லை.

நாமும் அப்படியே பிரிப்போம். விதியில் எந்த உணவின் பெயரும் வேண்டாம். இன்று கருவாடு, நாளை மாட்டுக்கறி, அடுத்து பூண்டு, பெருங்காயம் என்று போகும். அதற்குப் பதிலாக மூன்று விஷயம் எழுதலாம். மொட்டை மாடியிலும் தாழ்வாரத்திலும் மீன் காயவைக்கக் கூடாது. மீன் கழிவை இறுகக் கட்டி அன்றே வண்டிக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாவது நம் செலவு. ‘பி’ பிளாக்கில் சமையலறைச் சிம்னிக் குழாய்கள் பொதுக் காற்றுத்தண்டுக்குள் திறக்கின்றன. அவற்றை மொட்டை மாடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். வாசனை மேல்மாடிக்குள் நுழையும் வழி அதுதான். மதிப்பீடு வாங்கிவிட்டோம். அடுத்த கூட்டத்துக்குள் முடிக்கலாம்.

பெர்கனில் என் கீழ்வீட்டு அம்மாள், என் கடுகு தாளிப்புக்கு முதலில் இருமிக்கொண்டே கதவைத் தட்டினார். ஜன்னலைத் திறந்து சமைப்பது என்று பேசி முடித்தோம். தாளிக்காதே என்று அவர் சொல்லவில்லை. இங்கே நம்மிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

தீர்மானத்தின் மேல் உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.