கோழி சாகிறது, சாமிக்கும் கோழியா?

(கிராமப் பொதுக்கூட்டம் ஒன்றில் பேசிய பேச்சின் சுருக்கம்)



கடவுளைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாம் கோழியைப் பற்றிப் பேசப்போகிறோம். சிரிக்க வேண்டாம். நமது நாட்டில் கோழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பத்து நிமிஷத்துக்குள் கடவுள் தானாகவே வந்து சேர்ந்துவிடுவார்.

கோடை வந்தால் கிராமங்களில் நடப்பது என்ன? நேற்றுவரை குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழி இன்று ஒரு மூலையில் குறுகி நிற்கிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. வெள்ளையும் பச்சையுமாய்க் கழிகிறது. சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளுகிறது. இறக்கை தொங்கிப் போகிறது. நாலைந்து நாளில் பத்துக் கோழியில் ஒன்றிரண்டு மிஞ்சினால் அதுவே அதிசயம். ஒரு வீட்டோடு நிற்பதுமில்லை. தெருவையே துடைத்துவிட்டுப் போகிறது.

இந்த நஷ்டம் யாருடையது? மிராசுதாருடையது அல்ல. 1929-ம் வருஷம் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தோம். குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வருவதற்கு 1989 ஆயிற்று. அறுபது வருஷம்! சட்டம் வந்த பிறகாவது நிலத்தில் பங்கு வாங்கின பெண்கள் எத்தனை பேர் என்று அவரவர் தெருவில் எண்ணிப் பாருங்கள். புருஷனைக் கேட்காமல் ஒரு பெண் வைத்துக்கொள்ளவும் விற்கவும் கூடிய சொத்து இன்றைக்கும் அநேக வீடுகளில் இந்தக் கோழி ஒன்றுதான். பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதும், அவசரத்துக்கு மருந்து வாங்குவதும் அந்த முட்டைக் காசில்தான். ஆகவே கோழி சாவது அற்ப சங்கதி என்று ஆண் பிள்ளைகள் யாரும் எண்ணிவிட வேண்டாம்.

சாகத் தொடங்கியதும் என்ன செய்கிறோம்? ஆத்தாளுக்குக் கோபம் என்கிறோம். கூண்டில் வேப்பிலை செருகுகிறோம். பூசாரி வந்து, சென்ற வருஷம் நேர்ந்த கடன் பாக்கி என்கிறார். அதற்குப் பரிகாரமாய் மிஞ்சிக் கிடக்கிற சேவலை அறுக்கிறோம். நோய் பத்தில் எட்டைக் கொண்டுபோகிறது. மிஞ்சினதில் கொழுத்த ஒன்றைச் சாமி கொண்டுபோகிறது. கோழியைக் கொல்லுகிறதும் ஆத்தாள், கொல்லாமலிருக்கக் கோழி கேட்கிறதும் ஆத்தாள் என்றால், இதை ஒரு மனிதன் செய்தால் அவனுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பெரியம்மையையும் இப்படித்தான் ஆத்தாள் வந்திருக்கிறாள் என்றார்கள். வைத்தியம் செய்தால் குற்றம் என்றார்கள். ஊசிக்குப் பயந்து பிள்ளைகளை ஒளித்தார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை பரவவில்லை. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததென்று அறிவித்தாயிற்று. மாட்டுக்கு வந்த வெக்கை நோயும் தடுப்பூசியினாலேயே ஒழிந்து, 2011-ல் உலகறியச் சொல்லப்பட்டது. இவ்வளவுக்கும் எந்த ஆத்தாளும் கோபித்துக்கொண்டு வரக் காணோம். கோயில்களில் வரும்படி மாத்திரம் குறையவில்லை.

நிற்க. கோழிக்கு வருகிற இந்த வெள்ளைக் கழிச்சல் ஒரு கிருமியினால் வருவது. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊர்ப் பக்கத்திலும் கண்டார்கள். அடுத்த வருஷம் இமயமலைச் சாரலில் இராணிக்கேட் என்ற ஊரில் கண்டார்கள். ஆனபடியால் நம் நாட்டில் இராணிக்கேட் நோய் என்றே பெயர். நமது எல்லைக் காளிக்கு இங்கிலாந்திலும் ஜாவாவிலும் என்ன வேலை என்று பூசாரியைக் கேளுங்கள்.

நோய் வந்த பிறகு இதைத் தீர்க்க மருந்து கிடையாது. வருமுன் தடுக்க மருந்து உண்டு. இராணிப்பேட்டையில் 1932-ல் ஏற்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் அது தயாராகிறது. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடியும் ஒன்று. எட்டு வாரம் ஆனதும் இறக்கையின் கீழே ஊசி.

இப்போது ஒரு கூட்டம் கேட்கும்: “ஊசி போட்டும் செத்ததே?” என்று. கேட்கட்டும், கேட்பதுதான் அறிவு. ஆனால் பதிலையும் கேட்க வேண்டும். தடுப்பு மருந்து மந்திரமல்ல. அதிலிருப்பது வலுக் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி. வெயிலில் வைத்தால் அது செத்துப்போகும். ஐஸில் வைக்காமல் மடியில் கட்டிக்கொண்டு இரண்டு மைல் நடந்தால் வீடு வந்து சேருவது வெறும் தண்ணீர்தான். பிளீச்சிங் பவுடர் போட்ட குழாய்த் தண்ணீரில் கலந்தாலும் அப்படியே. நோய் பிடித்துவிட்ட கோழிக்குப் போட்டாலும் பயனில்லை. போட்ட பிறகு கோழியின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகச் சில நாள் வேண்டும். இத்தனையையும் கவனியாமல் ஊசியைக் குறை சொல்லுகிறவர், நேர்த்திக்கடன் கொடுத்தும் கோழி செத்தபோது ஆத்தாளைக் குறை சொன்னதுண்டா?

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். “பறவைக் காய்ச்சலுக்கும் இந்த ஊசி கேட்குமா?” என்கிறார். நல்ல கேள்வி. கேட்காது. அது வேறு கிருமி. வெளியே பார்த்தால் இரண்டு நோயும் ஒன்றுபோலவே இருக்கும், அங்கேதான் ஆபத்து. 1997-ல் ஹாங்காங்கில் அது மனிதரையும் பிடித்தது; 18 பேரில் 6 பேர் இறந்தார்கள். இந்தியாவில் 2006-ல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் முதலில் வந்தது. அதுமுதல் கோழிகளைக் கொன்று புதைப்பதே சர்க்காரின் முறையாய் இருந்து வந்திருக்கிறது.

அதற்கும் தடுப்பூசி இல்லாமலில்லை. சீனாவில் 2016-17 பருவத்தில் ஒருவகைப் பறவைக் காய்ச்சல் எழுநூறு பேருக்கு மேல் தொற்றியது. 2017-ல் கோழிகளுக்கு ஊசி போட்டார்கள். அடுத்த பருவத்தில் நோயாளிகளை விரல்விட்டு எண்ணும்படி ஆயிற்று. பிரான்சில் 2023 அக்டோபர் முதல் வாத்துகளுக்குப் போட்டு, நூற்றுக்கணக்கில் இருந்த நோய்கண்ட பண்ணைகளைப் பத்தளவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பின் ஏன் எல்லா நாட்டிலும் போடவில்லை? ஊசி போட்ட பறவை வெளியே சுகமாய் இருந்துகொண்டே உள்ளே கிருமியைச் சுமக்கக்கூடும். ஓயாமல் பரிசோதனை செய்தால்தான் தெரியும். இது நியாயமான அச்சம். ஊசி போட்ட நாட்டுக் கோழியை நாங்கள் வாங்கமாட்டோம் என்று வாங்குகிற நாடுகள் சொல்லுவது இன்னொன்று. அதில் நியாயம் பாதி, வியாபாரம் பாதி. நாம் சொல்லுவதென்ன? பரிசோதனைக்கு ஆளும் பணமும் போட்டு ஊசியும் போடுவதா, கொன்று புதைத்து நஷ்டஈடு கொடுப்பதா என்பதைக் கணக்குப் பார்த்து முடிவு செய்யட்டும். அந்தக் கணக்கில் ஏற்றுமதிக்காரர் லாபம் ஒருபுறமிருந்தால், பத்துக் கோழிக்காரியின் நஷ்டமும் மறுபுறம் எழுதப்பட வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யவேண்டியது: கோழி கூட்டமாய்ச் செத்தால் அறுத்துத் தின்னாதீர்கள், பாதி விலைக்குச் சந்தையில் தள்ளாதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்கள்.

கழிச்சல் ஊசிக்கு ஒரு இடைஞ்சல் உண்டு. பொதுவாக ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மருந்து இருக்கும். கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் கோழிக்காரி தனியே போய்க் கேட்டால் குப்பியை உடைக்கத் தயங்குவார்கள். தெருவே சேர்ந்து ஒரு நாள் குறித்தால் தயக்கத்துக்கு இடமில்லை. அன்று விடியுமுன் கூண்டைத் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். திறந்துவிட்டால் பிடிக்க முடியாது. இந்தச் சேரியும் அந்தத் தெருவும் ஒரே கணக்கில் வரட்டும். கிருமிக்கு ஊர் வேறு சேரி வேறு என்று தெரியாது. மேடையில் நோட்டும் பேனாவும் இருக்கின்றன. எத்தனை கோழி என்று இப்போதே எழுதிவிட்டுப் போங்கள். தாய்மார்கள் புருஷன் பெயரை எழுத வேண்டாம். கோழி யாருடையதோ அவர் பெயரை எழுதுங்கள்.