வாசித்தவர் பெயர் என்ன?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் செயலாளர் போன் பண்ணி, "அண்ணாச்சி, இந்த வருஷம் நீங்க ஜாஸ் இசையைப் பத்திப் பேசணும்" என்றார். "தூத்துக்குடியில ஜாஸா? உப்பளத்தைப் பத்திக் கேட்டாலும் நாலு வார்த்தை சொல்லுவேன்" என்றேன். அவர் விடவில்லை. விடுதியில் எல்லாரும் இலங்கை வானொலியில் தமிழ்ப் பாட்டுக் கேட்கும்போது, நான் முள்ளைத் திருப்பி ஆங்கில ஒலிபரப்பில் டிரம்பெட் சத்தம் தேடி உங்களிடம் திட்டு வாங்கியது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

யுனெஸ்கோ அறிவித்தபடி 2012 முதல் ஏப்ரல் 30-ஆம் நாளை உலக ஜாஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த இசை வளர்ந்த நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை நம்ம ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதுவும் துறைமுகம். சரக்கு மூட்டை, பல தேசத்து ஜனங்கள், கத்தோலிக்கத் திருவிழா, ஊர்வலத்துக்கு ஒரு பேண்டு, சாவுக்கும் ஒரு பேண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் சந்ததியார் அங்கே வளர்த்த இசை உலகம் பூராவும் பரவியது.

அந்த ஊரில் பட்டி போல்டன் என்று ஒருவர் இருந்தார். 1877-இல் பிறந்தவர். கார்னெட் என்னும் ஊதுகருவி வாசித்தவர். ஜாஸுக்கு முதல் வழி போட்டவர் என்று பலரும் சொல்லுவது அவரைத்தான். 1907-இல் மனநோய் விடுதிக்குப் போனவர் 1931-இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு நிமிஷ இசைகூட இன்று கேட்கக் கிடைக்காது. அவர் இருக்கும் புகைப்படம் ஒன்றே ஒன்றுதான் தெரிய வந்திருக்கிறது. முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது 1917-இல். அவர் வாசிப்பை நிறுத்திப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

ஆனாலும் போல்டன் மறையவில்லை. ஏன் என்று கேட்டால், அவரைக் கேட்ட கிழவர்களைத் தேடிப் போய் மற்றவர்கள் எழுதி வைத்தார்கள். 1938-இல் ஆலன் லோமாக்ஸ் என்பவர், ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற பியானோக் கலைஞரை வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் உட்காரவைத்து, பேசவும் வாசிக்கவும் சொல்லி மணிக்கணக்கில் பதிவு செய்தார். மூன்றே வருஷத்தில் மார்ட்டன் காலமாகிவிட்டார். 1958-இல் நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகம் ஒரு ஜாஸ் காப்பகமே தொடங்கி, வயதான வாத்தியக்காரர்களை வீடு வீடாகப் பேட்டி எடுத்தது.

இன்னொன்றும் செய்தார்கள். 1936-இல் பிரான்சில் சார்ல்ஸ் தெலோனே என்பவர் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு ஒரு பட்டியல் புத்தகம் போட்டார். எந்தத் தட்டு, எந்த ஊரில், எந்தத் தேதியில் பதிவானது, பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் தட்டியவர் யார், டிராம்போன் ஊதியவர் யார் என்று விவரம் தேடுகிற வழக்கம் அப்படி ஊன்றியது. தலைவர் பெயரோடு நிறுத்தவில்லை. இந்தக் கடைசிச் சங்கதியைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம மாவட்டத்துக்கு வருகிறேன். நமக்கு இந்தப் புத்தி இல்லை என்று சொல்லிவிட முடியாது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெரும் நூலை அச்சிட்டார். முத்துசாமி தீட்சிதரின் இருநூற்றுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் அதில் ஸ்வரக் குறிப்போடு இருக்கின்றன. பரம்பரை வித்தையை வெளியே கொடுக்கத் தயங்கிய காலம் அது. எழுதத்தான் வேண்டும் என்று அவரை விடாமல் தூண்டியவர் சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர். தம் பொருளையும் கண்பார்வையையும் இந்தப் பணியிலேயே செலவழித்தவர். தீட்சிதர் 1906-இல் மறைந்தார். இரண்டு வருஷம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே கரிசல் பூமியில் விளாத்திகுளம் சுவாமிகள் இருந்தார். 1889-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடுவார் என்பார்கள். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி போன்றவர்கள் அவரிடம் மனம் பறிகொடுத்தவர்கள். எழுத்தாளர்கள் சொன்னதால் அவர் பெருமை எனக்குத் தெரியும். குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. எத்தனையோ பேரிடம் கேட்டும் ஒரு பதிவு என் காதுக்குக் கிட்டவில்லை. என்னைப் பொறுத்தவரை அவர் நம்ம ஊர் போல்டன்.

கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் போய்விட்டார். ஆனால் 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகஸ்வரம் இழைந்து வருவதை இன்றைக்கும் சின்னப் பிள்ளைகள் செல்போனில் கேட்கிறார்கள். பதிவு என்பது அப்படி ஒரு பாக்கியம்.

இந்த நாகஸ்வரத்துக்கும் ஜாஸுக்கும் சம்பந்தம் உண்டு. சார்லி மரியானோ என்று பாஸ்டனில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர். 2009-இல் காலமானவர். அவர் நாகஸ்வரம் கற்றுக்கொண்டு ஜாஸ் மேடையில் வாசித்தார். அமெரிக்கக்காரர் நம்ம வாத்தியத்தைத் தேடி வந்தார். நாம் நம்ம வாத்தியக்காரரைத் தேடிப் போகவில்லை.

தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே. பி. சந்திரபாபுவை மறக்க முடியுமா? மேல்நாட்டு 'யோடலிங்' முறையில் குரலை உடைத்துப் பாடித் தமிழ் சினிமாவுக்குப் புது ருசி காட்டியவர். 1974-இல் மறைந்தாலும் சினிமா அவர் குரலைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டுகளில் பின்னால் டிரம்பெட் ஊதினவர் யார்? டிரம்ஸ் யார்? பழைய இசைத்தட்டை எடுத்துப் பாருங்கள். பாடியவர், இசையமைப்பாளர், பாட்டு எழுதியவர், படம். அதோடு சரி. வாசித்தவனுக்கு அந்தத் தட்டில் இடம் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு கிளாரினெட் அண்ணாச்சி இருந்தார். பனிமய மாதா திருவிழா, கல்யாணம், துக்கம் எல்லாவற்றுக்கும் வாசிப்பார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தனக்காக ஊதும்போது, வானொலியில் நான் தேடிய அதே சாயல் வரும். எங்கே கற்றார், எந்தக் கப்பல்காரனிடம் கேட்டார், யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகு வாத்தியம் எடைக்குப் போனது. பத்து வருஷம் கழித்து அவர் பேரன் என்னிடம் வந்து, "தாத்தா நல்லா வாசிப்பாகளா?" என்று கேட்டான். நல்லா வாசிப்பாக என்றேன். அதற்கு மேல் அவனிடம் கொடுக்க என் கையில் ஒரு காகிதம் இல்லை.

சபையோரே, பொன்னாடை போர்த்துவதில் நமக்குக் குறைச்சல் இல்லை. பெருமைப்படுத்துவது ஒன்று, பதிந்து வைப்பது இன்னொன்று. பொன்னாடை பெட்டியில் கிடக்கும். பெயரும் தேதியும் எழுதிய தாள்தான் பேரனிடம் பேசும்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் தெருவில், கிராமத்தில், எண்பது வயது தாண்டிய தவில்காரரோ, பேண்டுக்காரரோ, கூத்துக்குப் பின்பாட்டுப் பாடியவரோ இருப்பார். ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள். பெயர் என்ன, குரு யார், என்ன வாத்தியம், எந்தெந்த ஊரில் எந்த வருஷம், கூட வாசித்தவர்கள் யார் யார் என்று ஐந்தே கேள்வி கேளுங்கள். செல்போனில் பதியுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். தேதி போட மறக்க வேண்டாம்.

வீட்டில் பழைய கேசட்டோ ஸ்பூல் டேப்போ கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். நம்ம கடல் காற்றில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படியே போட்டு ஓடவிட்டால் நாடா கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்றுங்கள். பெட்டியின் மேல் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படம் எடுங்கள்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பெயர் கொண்டு வாருங்கள். சங்கத்தின் மலரில் நான்கு பக்கம் அதற்கு ஒதுக்கித் தரும்படி செயலாளரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். என்னை ஜாஸ் பற்றிப் பேச வைத்தவர் அவர்தானே, மறுக்கமாட்டார்.