மண்ணணியும் நம் பெண்மக்களும்

(விருத்தாசலத்தில் கூடிய நம் குலாலர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மணிமுத்தாற்றங்கரையிலே நாம் இன்று கூடியிருக்கின்றோம். சுந்தரமூர்த்தி நாயனார் பழமலைநாதரிடம் பன்னீராயிரம் பொன் பெற்று, அதனை இவ்வாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணத்துட் கண்ட வரலாறு. அப்பொன்னைப் பற்றிப் பேசாதார் இவ்வூரில் இல்லை. அது கிடந்த மண்ணைப் பற்றிப் பேசவேண்டியவர் நாமே.

மண்ணிலும் நகையா என்று நம்மவரிற் சிலரே நகைக்கின்றனர். மதுரைக்கு அருகே கீழடியில் நிகழ்ந்த அகழாய்வில், பொன்னணிகள் கிடைத்த அவ்வூரிலேயே சுடுமண் காதணிகளும் கிடைத்துள்ளன. மண்ணைச் சுட்டு அணியாக்கிய கை நம் தொழிற் கையன்றி வேறு யாருடையது?

நம் குடும்பங்களுள் ஒன்றிலே ஒரு பெண் இத்தொழிலை மேற்கொண்டிருக்கின்றாள். பெயர் வேண்டா, இவ்வவையிலேயே இருக்கின்றாள். களிமண்ணைக் கரைத்துத் துணியில் வடிகட்டி, காற்றுக்குமிழி அறப் பிசைந்து, நிழலிற் பல நாள் உலர்த்துகின்றாள். உலரும்போதும் சுடும்போதும் மண் சுருங்குமாதலின், கம்பி நுழையும் துளையைச் சற்றுப் பெரிதாகவே இடவேண்டும். ஓர் இணைக் காதணி இரண்டும் ஒரே உருண்டை மண்ணிற் பிறந்து ஒரே சூளையில் வேகவேண்டும். இல்லையேல் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. காற்றுப் புகச் சுட்டால் சிவப்பு; மூட்டமிட்டுப் புகையை அடக்கினால் கறுப்பு. இவ்விரண்டும் நம் பாட்டனார் அறிந்த வித்தையே.

தொடக்கத்தில் அவள் கோயில் நகைகளைப் பார்த்து மண்ணிற் செய்து, பொன்வண்ணம் பூசினாள். நன்கு விலைபோயின. எமக்கு அவை உவப்பாயில்லை. மண், பொன்னைப்போல் வேடமிடுவானேன்? பின்னர் அவளே அதனை விட்டொழித்தாள். இப்போது பானையின் கழுத்து வரி, அகலின் மூக்கு, கலயத்தின் வயிறு ஆகியவற்றினின்று உருவம் எடுக்கின்றாள். அவற்றைக் கண்ட கிழவர் ஒருவர், “இஃது என் தாயார் பானையில் இட்ட வரியல்லவா!” என்று கண்ணீர் உகுத்ததை யாம் நேரிற் கண்டோம்.

ஆயினும் அவளைச் சக்கரத்தைத் தொடவிடாதவர் யார்? நாமே. பெண் பார்க்க வந்தவர்கள், “மண் பிசையும் பெண்ணா?” என்று எழுந்து போயினர். அவர்களும் நம் குலத்தவரே! மண் பிசைந்த கையால் வளர்ந்த பிள்ளைக்கு மண் பிசையும் மனைவி ஆகாதாம். இக்கொடுமையை என்னென்பது!

இவ்வூரிலே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கின்றது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் பயிலகமும் இருக்கின்றது. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண் அண்மையிலேயே கிடைக்கின்றது. வண்ணக் கலவையும் உயர்ந்த சூட்டில் வேகவைக்கும் முறையும் கற்றால் அவள் தொழில் இன்னும் விரியும். நம் கல்வி நிதியோ இதுகாறும் ஆண்மக்களுக்கே சென்றுள்ளது. அவர்களுள் ஒருவரேனும் மண்ணைப் பற்றிப் படித்ததாக யாம் அறியோம்.

அவளுடைய விண்ணப்பம் நிதிக்குழுவின் முன் இருக்கின்றது. அதனை அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிவையாது, இக்கூட்டம் கலையுமுன் ஒரு முடிவு சொல்லுமாறு வேண்டுகின்றோம். வாயிலருகே மேசையில் அவள் செய்த ஆறு இணைகள் உள்ளன. அதன் பொருட்டேனும் குழுவினர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும்.