பலாப்பழமும் ஏணியும்



2024 ஏப்ரலில் ராமநாதபுரம் தொகுதியில் ஓட்டுப் போட்டவர்களுக்கு அந்த வாக்குப்பதிவு இயந்திரம் நினைவிருக்கும். முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில், அதே முன்னெழுத்தோடு இன்னும் சிலரும் நின்றார்கள். சுயேச்சைகளின் பெயர்களை அகரவரிசையில் அடுக்குவதால் எல்லாப் பன்னீர்செல்வங்களும் அடுத்தடுத்து வந்தார்கள். அந்த இடத்தில் படித்தவருக்கும் படிப்பு கைகொடுக்கவில்லை. புகைப்படமும் சின்னமும்தான் ஆளைக் காட்டிக் கொடுத்தன.

முன்னாள் முதலமைச்சருக்குக் கிடைத்த சின்னம் பலாப்பழம். பனையும் கருவேலமும் நிற்கிற நம் சீமைக்கு அது சந்தையில் வாங்குகிற பழம். சின்னம் ஒதுக்கிய நாளுக்கும் வாக்குப்பதிவு நடந்த 19-ஆம் தேதிக்கும் நடுவே மூன்று வாரம்கூட இல்லை. ஆனாலும் பலாப்பழத்துக்கு 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. எதிரே நின்ற நவாஸ்கனியின் ஏணிச் சின்னம் 5 லட்சத்தைத் தாண்டி வென்றது. தலைமுறைகளாகப் பழகிய அ.தி.மு.க.வின் இரட்டை இலை மூன்றாம் இடத்துக்குப் போனது. இதன் அரசியலை மற்றவர்கள் பேசட்டும். நான் பேச வந்தது அந்தச் சின்னப் படங்களின் ஓவியத் திறத்தை.

ஏணியைப் பாருங்கள். இரண்டு நெடுங்கோடு, நடுவே சில குறுக்குக் கோடு. புரை விழுந்த கண்ணுக்கும் தப்பாது. தலைகீழாக அச்சிட்டாலும் ஏணிதான். பலாப்பழத்தைக் காப்பாற்றியது அதன் முள். கறுப்பு வெள்ளையில், விரல் அகலத்தில், வேறெந்தப் பழமும் அப்படித் தெரியாது. இரண்டுக்கும் இன்னொரு பலம், வாயால் சொல்ல வருவது. ஆட்டோ ஒலிபெருக்கியில் ஒருமுறை கேட்டாலே போதும், மனசில் படம் வந்துவிடும்.

படம் பார்த்து ஓட்டுப் போடுவது நமக்குப் புதிதல்ல. 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். அன்று நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு இருபது பேர்கூட இல்லை. பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை 1962 பொதுத்தேர்தலில் வந்தது. தேர்தல் ஆணையத்தில் வரைவாளராக இருந்த எம். எஸ். சேத்தி பென்சிலால் வரைந்த வீட்டுச் சாமான்கள் இன்றும் சுயேச்சைகளுக்குக் கைகொடுக்கின்றன. 1992-இல் ஓய்வுபெற்ற அந்த மனிதரை நம் பெரிய ஓவியர்களுள் ஒருவராகவே மதிக்கிறேன். கோடி விரல்களுக்கு வழிகாட்டிய கோடுகள் வேறு யாருக்கு வாய்த்தன?

பின்னால் வந்த சின்னங்களில் அந்தத் தெளிவு இல்லை. கண்காணிப்பு கேமராவையும் பென் டிரைவையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பொருள் புதிது என்பதல்ல என் குறை. அச்சில் அவை வெறும் கட்டமாகவும் குச்சியாகவும் நிற்கின்றன. அப்படிப்பட்ட சின்னம் வாய்த்த சுயேச்சை, பிரசாரம் தொடங்கும் முன்பே பின்தங்கிவிடுகிறார். அது நியாயமில்லை.

அடுத்த பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் ஆணையம் அந்தப் படங்களைத் தங்கச்சிமடத்துக்கோ முதுகுளத்தூருக்கோ கொண்டு வரட்டும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிமார் நாலு பேரிடம் ஒவ்வொன்றாகக் காட்டி, "ஆத்தா, இது என்ன?" என்று கேட்கட்டும். அவர்கள் பெயர் சொல்லத் திணறுகிற படத்தை அங்கேயே அடித்துவிடலாம்.