படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு ஓர் இடம்

(அம்பர்நாத் கூட்டத்தில் ஆற்றிய உரை)



படிப்பகம் நமக்குப் புதிதன்று. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் சுற்றி நின்று அரசியல் கற்ற மரபு நம்முடையது. ஆனால் அங்கெல்லாம் இடம் யாருக்கு இருந்தது? வளர்ந்த ஆண்களுக்கு. பிள்ளை எட்டிப் பார்த்தால், “வெளியே போய் விளையாடு” என்று விரட்டினார்கள்.

வெளியே எங்கே விளையாடுவது? பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர். வாசலில் சாக்கடை, தாண்டினால் சாலை. தாராவியிலும் இதே கதைதான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ படிக்கிறது. தமிழ் எழுத்தை அது காண்பது ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையில்!

சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று கலைஞர் திறந்து வைத்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே பெரும் பகுதி ஒதுக்கினார்கள். நடுவே ஒரு செயற்கை மரம். அடுத்த ஆண்டே, 2011 நவம்பரில், அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அன்றைய அரசு அறிவித்தது. உயர்நீதிமன்றம் தடுத்ததால் நூலகம் பிழைத்தது. குழந்தைக்கு மருத்துவமனை வேண்டாமா என்று கேட்டார்கள். வேண்டும்தான்; அதற்கு நூலகத்தையா பறிப்பது? 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு.

மரம் எதற்கு, அலங்காரத்துக்கா? படம் பிடித்துக்கொள்ள மட்டும் என்றால் அந்தச் செலவு வீண். இங்கே தரையில் உட்காரலாம், பேசலாம், புத்தகத்தைத் தொடலாம் என்று பிள்ளைக்கு அது சொல்ல வேண்டும். பெரியவர்களின் அலமாரியில் புத்தகம் முதுகைக் காட்டி நிற்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அந்த முதுகில் என்ன இருக்கிறது? அட்டைப் படம் முன்னால் தெரிய, அதன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்தால் தானே எடுக்கும்.

தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் தண்டுகிறார்கள். மராட்டியத்தின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வரி இல்லை. சங்கங்கள் நடத்தும் நூலகங்களுக்கு அரசு மானியம் தருகிறது. ஆகவே இங்கே மரம் நட யாரும் வரமாட்டார்கள். நாம்தான் தொடங்க வேண்டும்.

நமக்குக் கோடிகள் வேண்டாம். படிப்பகத்தின் ஒரு மூலை, முழங்கால் உயரத்தில் இரண்டு அலமாரி, நான்கு கோரைப் பாய், பழந்துணியில் தைத்த பொம்மைகள், பொம்மலாட்டத்துக்கு ஒரு பழைய புடவைத் திரை போதும். ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை அங்கே சத்தம் இருக்கும். நாளேடு படிக்கும் பெரியவர்கள் சிலர் இப்போதே முகம் சுளிப்பது தெரிகிறது. அந்த இரண்டு மணி நேரம் திண்ணைக்குப் போங்கள், ஐயா!

இன்னொன்று. கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரும் அக்காக்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. தம்பிக்கு இடமில்லை என்றால் அவளும் வரமாட்டாள். தவழுகிற பிள்ளைக்கும் ஒரு பாய் ஒதுக்குவோம்.

தச்சு வேலை தெரிந்த தோழர்கள் கூட்டம் முடிந்ததும் சற்று இருங்கள். பிள்ளைகளை நிறுத்தி அளந்து, அலமாரியின் உயரத்தை இன்றே முடிவு செய்துவிடலாம்.