கட்டளைக் கையேடும் கன்னித்தமிழும்



ஒரு கருவியைச் செய்தவன் அதனைக் கையாளும் முறையையும் எழுதி வைத்தல் வேண்டும். எழுதியதைப் படிப்பவன் கையில் செப்பமுற அச்சிட்டுக் கொடுத்தலும் வேண்டும். இம்மூன்றையும் ஒரே பணியாகக் கருதியோர் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தார். அவர்தம் 'யூனிக்சு' இயங்குதளத்தின் முதற் கையேடு 1971 நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. அதனை எழுதியோர், அத்தளத்தை ஆக்கிய கென் தாம்சனும் தென்னிசு இரிச்சியுமே.

அவர்கட்குப் புதுக் கணிப்பொறி கிடைத்த வரலாறும் எண்ணத்தக்கது. எழுத்தாவணங்களை ஒழுங்குபடுத்தும் கருவி செய்து தருவோம் என்று உறுதி கூறியே அவர்கள் அதனைப் பெற்றனர். அதனை முதலிற் பயன்கொண்டோர் ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவினர். ஆக, எழுத்துப்பணியே யூனிக்சுக்குச் சோறிட்டது எனலாம்.

கையேட்டை ஒழுங்குபடுத்தியது 'உரோப்பு' என்னும் நிரல். 1973இல் சோ ஒசன்னா 'திரோப்பு' என்பதனைச் செய்து, ஒளியச்சுக் கோப்புப் பொறியிலும் பக்கங்கள் அழகுற அமைய வழிகண்டார். அவர் 1977இல் மறைந்தபின், எப்பொறிக்கும் பொருந்துமாறு அதனைத் திருத்தியவர் பிரையன் கெர்னிகன். 1990இல் சேம்சு கிளார்க்கு எழுதிய 'குரோப்பு' என்னுங் கட்டற்ற மென்பொருள் இன்று இலினக்சுத் தளங்களில் அதே பணியைச் செய்கின்றது.

கையேட்டுப் பக்கத்தின் அமைப்பைக் காண்க. பெயர், கட்டளையின் வடிவம், விளக்கம் என்று அது முறையே செல்லும். இறுதியிற் பல பக்கங்களில் 'குறைகள்' என்றொரு தலைப்பும் நிற்கும். தன் கருவியின் குறையைத் தானே எழுதி வைக்கும் நேர்மை அது. சுருக்கமும் விளக்கமும் ஒருங்கே வேண்டும் என்று நூலழகு வகுத்த நன்னூலார் கண்டால் மகிழத்தக்க அமைப்பே இஃது.

இனி அச்சிடும் முறைக்கு வருவோம். 'மேன்' என்னுங் கட்டளையோடு ஒரு கருவியின் பெயரைச் சேர்த்தடித்தால் அதன் பக்கம் திரையில் தோன்றும். அதனை அப்படியே அச்சுப்பொறிக்கு அனுப்பினால் இடர் நேரும். பழைய தொலையச்சுப் பொறியில் எழுத்தைத் தடிப்பாக்க, ஓரிடம் பின்சென்று அதே எழுத்தை மீண்டும் அடிப்பர். அப்பின்னகர்வுக் குறிகள் வெற்றுரையில் எஞ்சி நின்று பக்கத்தைக் கெடுக்கும். 'கால் -பி' என்னும் நிரல் அவற்றைக் களையும். இன்றைய இலினக்சின் 'மேன்' பெரும்பாலும் தானே களைந்து விடுகின்றது.

ஆயினும் களைந்ததால் ஓர் இழப்புண்டு. கையேட்டில் தடித்த எழுத்து, உள்ளவாறே அடிக்க வேண்டிய சொல்; சாய்ந்த எழுத்து, பயன்கொள்வோன் தன் கோப்பின் பெயரை இட்டு நிரப்ப வேண்டிய இடம். இவ்வேறுபாடு மறைந்தால் பொருளே மயங்கும். கோப்பை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளையின் பக்கத்தில் அம்மயக்கம் நேர்ந்தால், அழிந்தது எளிதில் மீளாது. செப்பமான அச்சு வெறும் ஒப்பனை அன்று என்பதற்கு இதுவே கரணியம்.

இதற்கு வழி எளிது. 'மேன்' என்பதற்குப்பின் சிறுகோடிட்டு 'டி' என்னும் எழுத்தைச் சேர்த்தால், பக்கம் குரோப்பின் வழியாகச் சென்று அச்சுக்குரிய பக்க விளக்க மொழியில் வெளிவரும். அடுத்துச் செங்குத்துக் கோடிட்டு 'எல்பிஆர்' என்றெழுதினால் அது நேரே அச்சுப்பொறியை அடையும். ஒரு நிரலின் விளைவை மற்றொன்றின் வாயில் ஊற்றும் இக்குழாய் முறை, தக்ளசு மெக்கில்ராய் எண்ணத்தில் எழுந்து 1973இல் யூனிக்சில் இடம்பெற்றது. தாளளவையும் நோக்க வேண்டும். அமெரிக்கத் தாள் 216க்கு 279 மில்லிமீட்டர். ஏ4 தாள் 210க்கு 297. அளவைக் குறிக்காவிடின் வலப்புற ஓரம் குறுகி, அடியில் வெற்றிடம் மிகும்.

அன்பர்களே! இத்துணைச் செப்பமும் யார் மொழிக்கு? 'மேன்' கட்டளை ஆங்கிலத்தோடு நிற்பதன்று. தளத்தின் மொழியைத் தமிழ் என்று அமைத்தால், கையேட்டு அடைவினுள் 'டிஏ' எனக் குறித்த தமிழ்க்கிளையை அது முதலிற் தேடும். ஆண்டுத் தமிழ்ப்பக்கம் இருப்பின் அதனையே காட்டும். பிரெஞ்சியரும் செருமானியரும் சப்பானியரும் தத்தம் கிளைகளை நிரப்பித் தொகுப்புகளாகவே வழங்குகின்றனர். தமிழர்க்கென வாயில் திறந்தே இருக்கின்றது. உள்ளே இலையிட்டுப் பரிமாறுவார் எங்கே?

அச்சிலும் ஒரு தடையுண்டு. ஒருங்குறியில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்துக்குப் பின்னே பதியப்படும். கண்ணுக்கு முன்னே தோன்ற வேண்டும். ஒகர, ஓகாரக் குறிகளோ இருபுறமும் பிரிந்து நிற்கும். குரோப்பு இம்முறைமாற்றத்தைச் செய்வதில்லை. எழுத்து வடிவமைப்பை அறிந்த 'பேப்சு' போன்ற நிரலுக்குக் குழாய்வழிச் செலுத்தினால் தமிழ் உருக்குலையாமல் தாளில் இறங்கும். எனவே 'தமிழில் இயலாது' என்பது பொய். செய்யாத வேலையின் பழியை மொழியின் தலையில் ஏற்றுதல் சோம்பலின் சூழ்ச்சியே.

பிற மொழியில் எழுதப்பட்ட எச்சரிக்கையைப் பாதி விளங்கிப் பாதி விளங்காமற் படித்துத் தன் உழைப்பை அழித்துக்கொள்ளும் தமிழ் மாணவனுக்கு, மேடைப் புகழ்ச்சி எப்பயனும் தராது. அவனுக்கு வேண்டுவது அவன் மொழியில் ஒரு பக்கம். கணிப்பொறி கற்ற இளைஞர் ஒருவரும் தமிழ் கற்ற புலவர் ஒருவரும் ஒன்றாக அமர்க. கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எசு', படியெடுக்கும் 'சிபி', அழிக்கும் 'ஆர்எம்' ஆகிய மூன்றில் தொடங்குக. எழுதியதை அச்சிட்டு, பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்துப் படிக்கச் செய்க. அவன் தடுமாறும் இடத்தைத் திருத்துக. திருத்தியும் எஞ்சும் குறையைக் 'குறைகள்' என்னுந் தலைப்பின்கீழ் ஒளியாது எழுதுக.

பக்கம் பக்கமாக நிரம்பட்டும் தமிழ்க்கிளை!

வெல்க தமிழ்!